ஹெரால்டுல ஜிப்ஸி எம்பிஎஃப்ஐ இன்ஜின் போட்டாச்சு, ஹெட்லைட் போட்டா வண்டி நின்னுடுது, கரண்ட்ட எப்படி பிரிக்கிறது?

கொளத்தூர் ஹெரால்டு:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், நம்ம வண்டலூர்ல செஞ்ச வண்டி, பதினோரு வருஷமா வீட்டுக்குப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடியே கெடந்துச்சு. 948 சிசி பிளாக்ல விரிசல், ரெண்டு தடவை ஒட்டிப் பாத்தும் தண்ணி ஆயில்ல கலந்துகிட்டே இருந்துச்சு, வேற பிளாக்கும் கிடைக்கல, அதனால மனச கல்லாக்கிகிட்டு மாருதி ஜிப்ஸியோட எம்பிஎஃப்ஐ 1300 இன்ஜினும் (கார்புரேட்டர் இல்லாம, கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோல பீச்சுற ரகம்) அதோட அஞ்சு கியர் பாக்ஸும் எடுத்துப் போட்டேன். மவுண்ட் வெல்டிங், ஷாஃப்ட் வெட்டி பேலன்ஸ் பண்றதெல்லாம் அம்பத்தூர்ல ஒரு லேத்துல நல்லபடியா முடிஞ்சுது. முன்னாடி இடம் பத்தலன்னு பெல்ட் ஃபேன கழட்டிட்டு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டியிருக்கு. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ள. பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் மேல 55 ஆம்பியர்னு போட்டிருக்கு.

இப்போ மாட்டிகிட்டு முழிக்கிறது வயரிங்லதான். முன்னாடி பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரி பிளஸ்ஸ பாடில கொடுத்திருந்த வண்டி, அத நெகட்டிவ் எர்த்தா மாத்தியாச்சு. பழைய சார்ஜிங் சாமான் டைனமோ, கட்அவுட் ரெண்டையும் கழட்டியாச்சு. வந்த எலக்ட்ரீசியன் ஜிப்ஸி ஒயரிங் கிட்ல தேவையானத மட்டும் வெட்டி எடுத்து, ஈசியூ (இன்ஜினோட கம்ப்யூட்டர்), பம்ப், காயில், ஃபேன் நாலையும் சாவி ஸ்விட்ச்ல இருந்து வர்ற பழைய வெள்ளை ஒயர்லயே முறுக்கி டேப் சுத்திட்டாரு. ஐடில்ல வண்டி தங்கமா ஓடுது. ஹெட்லைட் போட்டு, அந்த நேரம் ஃபேனும் ஓட ஆரம்பிச்சா ஒரு திணறு திணறி நின்னுடுது. பேட்டரில 14.1 வோல்ட் இருக்கு, அதே நேரம் ஈசியூ கப்ளர்ல 10.6 தான் வருது. சாவிய தொட முடியல, அவ்ளோ சூடு. டேஷ்போர்டுக்கு அடியில குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தா வெள்ளை ஒயரோட ரப்பர் உருகி பக்கத்துல இருக்க பச்சை ஒயரோட ஒட்டிகிட்டு இருக்கு. இன்னொரு விஷயம், செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள தொட்டா கதகதன்னு இருக்கு, அது ஏன்னு சுத்தமா புரியல.

எலக்ட்ரீசியன் பெரிய பேட்டரி போடுங்கன்னு சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல. இது அப்பா என்னை முதமுதல்ல ஸ்கூல்ல இறக்கி விட்ட வண்டி, நெருப்பு பிடிச்சு போயிடக்கூடாது. ஃப்யூஸ் பாக்ஸ் எங்க வைக்கணும், எந்த ஒயர் எத்தன ஸ்கொயர் எம்எம், ஆரம்பத்துல இருந்து தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புதுப்பேட்டை வயர்மேன்:

தம்பி, மொதல்ல பேட்டரி எர்த்த கழட்டி வெச்சிடுங்க, இத சரி பண்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. 32 வருஷமா இதே வேலை பாக்குறேன், ரப்பர் உருகி ரெண்டு ஒயர் ஒட்டிகிச்சுன்னா அடுத்த கட்டம் புகைதான்.

பேட்டரி மேல தப்பே இல்ல. பேட்டரில 14.1, ஈசியூல 10.6னு நீங்களே அளந்துட்டீங்க. நடுவுல 3.5 வோல்ட் எங்க போச்சு? அது பூரா சூடா மாறுது. உங்க லோடு 25 ஆம்பியர்னு வெச்சாலே 3.5 இன்ட்டு 25, கிட்டத்தட்ட 87 வாட், ஒரு ஹெட்லைட் பல்பை விட அதிக சூடு அந்த சாவி ஸ்விட்சுக்குள்ளயும் ஒயருக்குள்ளயும் உக்காந்திருக்கு. லூகாஸ் கம்பெனி ஒயர் கலர் கணக்குல வெள்ளைன்னா இக்னிஷன், அந்தக் காலத்துல அதுல ஓடினது காயிலுக்கு ஒரு நாலு ஆம்பியர், மீட்டருக்கு கொஞ்சம், அவ்ளோதான். டைனமோவே 22 ஆம்பியர் கொடுத்தா பெருசு. அந்த ஒயர்ல போயி ஃபேனையும் பம்பையும் தொங்க விட்டா அது என்ன பண்ணும் பாவம்.

ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடாகுறது இன்ஜின் எர்த் கோளாறு. ஹெரால்டு மத்த வண்டி மாதிரி இல்ல, சேசிஸ் தனி, பாடி தனி, நடுவுல பேக்கிங் வெச்சு போல்ட் போட்டிருக்கும். இன்ஜினோ ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு. பேட்டரி எர்த்த நீங்க பாடில மட்டும் கொடுத்திருந்தா செல்ஃப் இழுக்குற நூறு நூத்தம்பது ஆம்பியர் இன்ஜின்ல இருந்து பேட்டரிக்கு திரும்பி வர வழி தேடும், கிடைச்ச வழி ஆக்ஸிலரேட்டர் கேபிள். ஒரு தடவை இப்படி கேபிள் உள்ள இருக்க கம்பி பழுத்து அவுட்டரோட ஒட்டி, ஆக்ஸிலரேட்டர் திறந்தபடியே நின்ன வண்டிய பாத்திருக்கேன், சாதாரண விஷயம் இல்ல.

சரி பண்ண ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு டெஸ்ட் பண்ணுங்க. மீட்டர் டிசி வோல்ட்ல, ஒரு முள்ளு பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, கிளாம்ப்ல இல்ல கம்பத்துல, இன்னொன்னு இன்ஜின் பிளாக்குல சுரண்டின இடத்துல. பம்ப் கப்ளர கழட்டிட்டு வேற ஆள விட்டு ரெண்டு செகண்ட் மட்டும் செல்ஃப் அடிக்க சொல்லுங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் போச்சு. அளந்துட்டு வந்து சொல்லுங்க.

பத்மினி 1300:

ப்ரோ, இதே இன்ஜின நான் பத்மினி கார்ல போட்டு ரெண்டு வருஷமா ஓட்டுறேன், ஆரம்பத்துல நானும் சாவிலதான் எல்லாத்தையும் கொடுத்தேன், அதனால நீங்க படுற கஷ்டம் நல்லாவே புரியுது. அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் பிரிச்ச விதத்த சொல்றேன்.

மனசுல வெச்சுக்க வேண்டியது ஒண்ணுதான், சாவி ஸ்விட்ச் உத்தரவு மட்டும் கொடுக்கணும், கரண்ட்ட சுமக்கக்கூடாது. கரண்ட் பேட்டரி பக்கத்துலயே ஒரு இடத்துல பிரியணும். ஹெரால்டுல பேட்டரி இன்ஜின் ரூம்லயே பின் தகட்டு மேல இருக்கும், அதனால உங்களுக்கு வேலை சுலபம். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து மூணே மூணு ஒயர் கிளம்பணும். ஒண்ணு செல்ஃப் மோட்டாருக்கு 25 ஸ்கொயர் எம்எம், இதுக்கு ஃப்யூஸ் கிடையாது, அதனால எங்கயும் உரசாம கிளிப் போட்டு கொண்டு போங்க. ரெண்டாவது ஆல்டர்னேட்டர்ல கரண்ட் வெளிய வர்ற பி பிளஸ் முனைக்கு, 16 ஸ்கொயர் எம்எம், 80 ஆம்பியர் ஸ்ட்ரிப் ஃப்யூஸ். மூணாவது 10 ஸ்கொயர் எம்எம், 60 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ், அது நேரா ரிலே பாக்ஸுக்கு (ரிலேன்னா சின்ன கரண்ட்ட வெச்சு பெரிய கரண்ட்ட திறந்து மூடுற ஸ்விட்ச்). ஃப்யூஸ் ரெண்டும் பேட்டரில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும், ஏன்னா ஃப்யூஸுக்கு முன்னாடி இருக்க ஒயருக்கு பாதுகாப்பே இல்ல.

ரிலே பாக்ஸ் உள்ள 30 நம்பர்ல மெயின் கரண்ட், 87ல லோடு, 85 - 86 காயில். சாவில இருந்து வர்ற அந்த பழைய வெள்ளை ஒயர், உருகின துண்ட வெட்டிட்டு புதுசு போட்டு, 86க்கு மட்டும் கொடுங்க. ஒரு ரிலே காயிலுக்கு 0.2 ஆம்பியர் கூட ஆகாது, நாலு ரிலே போட்டாலும் சாவிக்கு ஒரு ஆம்பியருக்குள்ள முடிஞ்சிடும். சாவி ஐஸ் மாதிரி இருக்கும்.

என் கணக்கு இது. ஈசியூ, இன்ஜெக்டர், காயில் சேத்து 8ல இருந்து 10 ஆம்பியர், பம்ப் 5, ஃபேன் 12 ஆனா கிளம்புற நொடி அதுல ரெண்டு பங்கு மேல இழுக்கும், ஹெட்லைட் ரெண்டும் சேத்து 10, வைப்பர் 4, சைடு லாம்ப் மீட்டர் லைட் 3. மழையில ராத்திரி ஓட்டினா 45 ஆம்பியர் பக்கம் வரும், 55 ஆல்டர்னேட்டருக்கு தாங்கும், ஆனா இதுக்கு மேல ஆம்ப்ளிஃபையர் அது இதுன்னு ஏத்தாதீங்க. ஃப்யூஸ் போடுறது ஒயர காப்பாத்த, சாமான காப்பாத்த இல்ல, அதனால 1 ஸ்கொயர் எம்எம் ஒயர்னா 10 ஆம்பியர், 1.5க்கு 15, 2.5க்கு 20, 4க்கு 30, இத தாண்டாதீங்க. ஃபேனுக்கு 4 ஸ்கொயர் எம்எம். டிக்கி வரைக்கும் போற பம்ப் ஒயர் 2.5 போடுங்க. 1 ஸ்கொயர் எம்எம்ல நாலு மீட்டர் போனா 5 ஆம்பியருக்கு 0.35 வோல்ட் அதுலயே காலி, பம்புக்கு வோல்ட் குறைஞ்சா பெட்ரோல் பிரஷர் குறையும், அப்புறம் ஏத்தத்துல இழுக்கலன்னு இன்ஜின குறை சொல்லுவீங்க.

கெஞ்சி கேக்குறேன், பம்ப நேரா சாவில கொடுக்காதீங்க. ஜிப்ஸி கிட்லயே மெயின் ரிலே, பம்ப் ரிலே ரெண்டும் இருக்கும், பம்ப் ரிலேவோட எர்த்த ஈசியூ தான் கொடுக்கும். சாவி போட்டதும் ரெண்டு மூணு செகண்ட் ஓட்டி நிறுத்திடும், இன்ஜின் சுத்தினாதான் திரும்ப ஓட்டும். எங்கயாவது இடிச்சு இன்ஜின் நின்னா பம்பும் நிக்கணும். நேரா கொடுத்திருந்தா குழாய் அறுந்து கெடக்கும்போதும் அது பெட்ரோல பீச்சிகிட்டே இருக்கும். கிட்ட வெட்டி எறிஞ்சிட்டாரா இல்ல மீதி இருக்கா? இருந்தா ஒரு இஞ்ச் கூட விடாம வாங்கி வைங்க.

கலர்ல ஏமாறாதீங்க. உங்க பழைய ஒயரிங்ல கருப்புன்னா எர்த். என்கிட்ட இருந்த ஜிப்ஸி கிட்ல சுத்தமான கருப்பு எர்த், ஆனா கருப்புல வெள்ளை கோடு போட்டது இக்னிஷன். ரெண்டையும் கருப்புதானேன்னு பாடில சேத்தா அவ்ளோதான். ஒவ்வொரு ஒயரையும் டெஸ்ட் லாம்ப் வெச்சு பாத்துட்டு பேப்பர் டேப்ல எழுதி ஒட்டுங்க, ஈசியூ பக்கம் மட்டும் டெஸ்ட் லாம்ப் வேணாம், மீட்டர்ல பாருங்க.

கொளத்தூர் ஹெரால்டு:

அண்ணா, ப்ரோ, ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. டெஸ்ட் பண்ணிட்டேன், இன்ஜின் பிளாக்குல 1.9 வோல்ட் காட்டுது! நீங்க சொன்ன மாதிரியே பேட்டரி எர்த் பாடில மட்டும்தான் இருந்துச்சு, அதுவும் பெயிண்ட் மேலயே போல்ட் போட்டிருக்கு. கிட்டோட மீதிய ஒரு சாக்குல போட்டு வெச்சிருந்தாங்க, ரிலே ரெண்டும் அதுக்குள்ள பத்திரமா இருக்கு.

ரெண்டு சந்தேகம். டேஷ்போர்டுல அப்பா தனியா வாங்கி மாட்டின, கரண்ட் அளக்குற ஆம்மீட்டர் ஒண்ணு இருக்கு, 30-0-30, அத எடுக்க மனசு வரல. இப்போ சார்ஜ் ஆகும்போது முள்ளு மைனஸ் பக்கம் போகுது. ரெண்டாவது, பானட் பூரா முன்னாடி சாயுற வண்டி, ஹெட்லைட் ரெண்டும் பானட்லயே இருக்கு, அந்த ஒயர எப்படி கொண்டு போறது?

மயிலாப்பூர் மார்க் டூ:

ஆம்மீட்டர் விஷயத்துல என் அனுபவத்த சொல்றேன் சார். முள்ளு தலைகீழா போறது எர்த் மாத்தினதால, பின்னாடி ரெண்டு ஒயர இடம் மாத்தினா சரியாகும். ஆனா பிரச்சனை அது இல்ல. வண்டியோட மொத்த கரண்ட்டும் டேஷ்போர்டுக்கு பின்னாடி வந்து அந்த ரெண்டு போல்ட் வழியா திரும்பி போகுது, ஃப்யூஸ் இல்லாம. என் அம்பாசிடர்ல கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது அந்த நட்டு லூஸாகி, டேஷ்போர்டு இடுக்குல இருந்து புகை வந்துச்சு, பின் சீட்டுல பேத்தி உக்காந்திருந்தா. ஓரம் கட்டி பேட்டரி கிளாம்ப வெறுங்கையால புடுங்கினேன். வீட்டுக்கு வந்து கழட்டி பாத்தா பித்தளை போல்ட் நீலம் பூத்து போயிருந்துச்சு. 30 ஆம்பியர் மீட்டர்ல உங்க 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர கொடுக்கவே கொடுக்காதீங்க.

மீட்டர் ரிப்பேர் பண்றவர்கிட்ட கொடுத்து உள்ள இருக்க மெஷின மட்டும் எடுத்துட்டு வோல்ட் மீட்டர் மெஷின வெச்சு வாங்கினேன். கண்ணாடி, வளையம், டயல் எல்லாம் பழசேதான். வோல்ட் மீட்டருக்கு ஒரு மெல்லிசான ஒயர், 2 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். பழைய வண்டி அழகு கெடக்கூடாதுன்னு நானும் பிடிவாதம் பிடிக்கிறவன்தான், ஆனா கண்ணுக்கு தெரியுறது பழசா இருக்கட்டும், பின்னாடி ஓடுற கரண்ட் புது வழியில ஓடட்டும்.

புதுப்பேட்டை வயர்மேன்:

1.9ஆ, நெனச்சேன். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து 25 ஸ்கொயர் எம்எம் நேரா இன்ஜின் பிளாக்குக்கு, கியர் பாக்ஸ் போல்ட் ஒண்ணுல கொடுத்தா இன்னும் நல்லது. இன்ஜின்ல இருந்து சேசிஸுக்கு பின்னல் எர்த் ஒண்ணு, சேசிஸ்ல இருந்து பாடிக்கு இன்னொண்ணு. மூணும் பெயிண்ட் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு, முறுக்கினப்புறம் மேல கிரீஸ் தடவுங்க. ஈசியூவோட எர்த் ஒயருங்கள கிட்ல எப்படி வந்திருக்கோ அப்படியே இன்ஜின்லயே போடுங்க, ஃபேன் எர்த்த அந்த போல்ட்ல கொண்டு வந்து சேக்காதீங்க, சென்சார் எல்லாம் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

மயிலாப்பூர் சார் சொன்ன மாதிரி வோல்ட் மீட்டர் பண்ணுங்க. நான் முன்னாடி சைடு லாம்ப மட்டும் ஆம்மீட்டர்ல விட்டு ஒப்பேத்தியிருக்கேன், அவர் வழிதான் மேல்.

பானட் ஒயருக்கு வரேன். கீல் வழியா எர்த் கிடைக்கும்னு நம்பாதீங்க, துரு, கிரீஸ், ஆட்டம், லைட் மங்கலா எரியும். ரெண்டு ஹெட்லைட்டுக்கும் தனி கருப்பு ஒயர் இழுத்து சேசிஸ்ல கொடுங்க. கீலுக்கு பக்கத்துல ஒரு கை அளவு லூஸ் விட்டு, பானட்ட முழுசா சாய்ச்சு பாருங்க, மூடி பாருங்க, எங்கயும் இழுக்கவும் கூடாது நசுங்கவும் கூடாது. அந்த இடத்துல ஒரு கப்ளர் போட்டா பின்னாடி பானட்ட கழட்டும்போது வாழ்த்துவீங்க. வீட்டு ஒயர் வேண்டாம் தம்பி, அதுல இழை தடி, எண்ணிக்கையும் கம்மி, பத்து தடவை பானட் திறந்தா உள்ளயே ஒடிஞ்சிடும். ஜிபி ரோடுல ஆட்டோ கேபிள்னு கேட்டா மீட்டர் கணக்குல கொடுப்பாங்க, நுனிய சீவி பாருங்க, முடி மாதிரி மெல்லிசா நெறைய இழை இருக்கணும்.

ஈசிஆர் 68:

ஒயர் ஜாயின் பண்றது பத்தி யாரும் சொல்லலயே. நான் எல்லாத்தையும் ஈயம் வெச்சுதான் ஒட்டுவேன், ஸ்ட்ராங்கா இருக்கும். மழைக்காலம் வேற வருது, ஐப்பசி கார்த்திகையில நம்ம ஊர் தண்ணி தெரியும்ல, ரிலே பாக்ஸ எவ்ளோ மேல வைக்க முடியுமோ அவ்ளோ மேல வைங்க, கப்ளர் எல்லாம் வாய் கீழ பாத்த மாதிரி இருக்கட்டும். ஈசியூவ வண்டிக்குள்ள டேஷ்போர்டு அடியில, ஆனா கால் வைக்கிற தரையில வேண்டாம். 2015 வெள்ளத்துல என் இன்னொரு வண்டில ஈசியூ கார்ப்பெட்டுக்கு அடியில இருந்து ஊறிப் போச்சு.

பத்மினி 1300:

தண்ணி விஷயத்துல முழுசா ஒத்துக்குறேன். ஈயம் மட்டும் வேண்டாம் ப்ரோ. ஈயம் இழைக்குள்ள ஏறி ஒயர் அந்த இடத்துல கம்பி மாதிரி விறைச்சிடும், இன்ஜின் அதிர்ச்சில சரியா ஈயம் முடியுற இடத்துல ஒடியும். மேல ஸ்லீவ் இருக்கும், வெளிய பாத்தா நல்லா இருக்கும், உள்ள ரெண்டு இழைல தொங்கிகிட்டு இருக்கும். எனக்கு பம்ப் ஒயர்ல நடந்து ரெண்டு வாரம் தேடினேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல நல்ல கிரிம்பிங் டூல் ஒண்ணு வாங்குங்க, முழுசா அழுத்தாம வாய் திறக்காத ரகம். ஒயர் நுனில மாட்டுற லக்க கிரிம்ப் பண்ணி, அதாவது நசுக்கிப் பிடிக்க வெச்சு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்குற ஸ்லீவ்) போடுங்க. கருப்பு டேப் நம்ம வெயிலுக்கு ஒரே சித்திரைல பிசுபிசுன்னு ஒழுகிடும்.

அப்புறம் ஆர்சி. இன்ஜின் மாத்தினத ஆர்டிஓல எண்டார்ஸ் பண்ணிட்டீங்களா? மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு இதப் பத்திதான். இன்ஜின் பில்ல பத்திரமா வைங்க, ஆர்சில புது நம்பர் ஏறாம ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரங்க கைய விரிச்சிடுவாங்க.

கொளத்தூர் ஹெரால்டு:

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், ராத்திரி ராத்திரியா உக்காந்து நானே பண்ணேன். பழைய முறுக்கு ஜாயிண்ட் மொத்தம் 23 இருந்துச்சு, எண்ணி எண்ணி வெட்டி எறிஞ்சேன். ரிலே பாக்ஸ் பேட்டரி பக்கத்துல, தகட்டுல கருப்பு பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கேன், பானட் திறந்தா கூட உடனே கண்ணுல படாது. ஹெட்லைட்டுக்கு இடது வலது, ஹை லோ எல்லாத்துக்கும் தனித்தனி 10 ஆம்பியர் ஃப்யூஸ், ஒண்ணு போனாலும் முழு இருட்டு ஆகாது.

இன்னைக்கு அளந்தது. ஹெட்லைட், ஃபேன், வைப்பர் எல்லாம் ஓட, பேட்டரில 14.0, ஈசியூல 13.8. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிளாக்குல 0.15. ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஜில்லுன்னு இருக்கு. சாயங்காலம் பாடி ஏரியால இருக்க லூகாஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்தேன், அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல, திரும்பி வந்து இறங்கும்போது டேஷ்போர்ட ஒரு தடவை தடவிக் கொடுத்துட்டு போனாங்க.

ஒரே ஒரு பிரச்சனை பாக்கி. சாவிய ஆஃப் பண்ணாலும் வண்டி நிக்க மாட்டேங்குது. கியர்ல போட்டு, பிரேக்க அமுக்கிகிட்டு கிளட்ச விட்டுதான் நிறுத்த வேண்டியிருக்கு.

புதுப்பேட்டை வயர்மேன்:

சந்தோஷம் தம்பி, படிக்கும்போதே மனசு நெறஞ்சுது.

ஆல்டர்னேட்டர்ல எல் டெர்மினல சார்ஜ் பல்பு வழியா கொடுத்தீங்களா, இல்ல நேரா இக்னிஷன்லயா?

கொளத்தூர் ஹெரால்டு:

பல்பு வழியாதான் அண்ணா, பழைய சிவப்பு பல்பு. அதோட இன்னொரு முனை மெயின் ரிலே 86க்கு போற ஒயர்ல சேத்திருக்கு.

புதுப்பேட்டை வயர்மேன்:

அதான் விஷயம். ஆல்டர்னேட்டர் சுத்தும்போது எல் டெர்மினல்லயும் 14 வோல்ட் இருக்கும். சாவிய மூடினதும் அது பல்பு வழியா பின்னாடி வந்து ரிலே காயில பிடிச்சு வெச்சுக்குது, ரிலேவுக்கு அவ்ளோ கரண்ட் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்ல 1என்4007 டையோடுன்னு கேளுங்க, கரண்ட்ட ஒரே பக்கமா மட்டும் விடும், சில்லறைக் காசுதான். பல்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவுல மாட்டுங்க, வெள்ளை பட்டை போட்ட பக்கம் ஆல்டர்னேட்டர பாத்து இருக்கணும். பல்ப எடுத்துட்டு எல்இடி மட்டும் போட்டுடாதீங்க, அதுல போற கரண்ட் பத்தாம, ஆக்ஸிலரேட்டர அழுத்தினாதான் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஆரம்பிக்கும்.

கொளத்தூர் ஹெரால்டு:

போட்டாச்சு அண்ணா. சாவி திருப்பினதும் டக்குன்னு நிக்குது. பட்டை பக்கம் ஆல்டர்னேட்டர பாத்து, மேல ஸ்லீவ் போட்டு, பேப்பர் டேப்ல தேதி எழுதி ஒட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல மகாபலிபுரம் வரைக்கும் போலாம்னு இருக்கேன், ஒரு செட் ஃப்யூஸும் ரெண்டு ரிலேயும் டேஷ்போர்டு பெட்டில வெச்சுகிட்டு.